எனி பர்சென்டா, கிளிட்ச்லெஸ்ஸா: கட்டுப்பாடற்ற ஆட்டம் எது?

ஒரு வீடியோ கேமை எந்தக் கட்டுப்பாடும் இன்றி ஆடி முடித்ததாக ஒருவர் சொன்னால், எந்த வழியிலாவது முடிவை எட்டினார் என்றும் கொள்ளலாம். உருவாக்கியவர்கள் போட்டுத் தந்த பாதையிலேயே இயல்பாக ஆடினார் என்றும் கொள்ளலாம். ஸ்பீட்ரன், அதாவது ஒரு கேமை முடிந்தவரை குறைந்த நேரத்தில் முடிக்கும் ஓட்டம், ஆடுவோரிடையே முன்னதற்கு எனி பர்சென்ட் என்று பெயர்; பின்னதற்கு நெருக்கமானது, கிளிட்ச் எனப்படும் நிரல் பிழைகளைப் பயன்படுத்தாத கிளிட்ச்லெஸ். இவற்றில் அடிப்படை வகை என்ற தகுதி எனி பர்சென்டுக்கே உரியது என்பது என் உறுதியான கருத்து.

1996இல் வெளியான சூப்பர் மாரியோ 64 இதற்கு நல்ல சான்று. அதில் மொத்தம் 120 நட்சத்திரங்கள் உண்டு. எதிரியான பவுசருடன் நடக்கும் கடைசிச் சண்டையை அடைய 70 போதும் என்பது உருவாக்கியவர்கள் வைத்த கணக்கு. ஆனால் 15 நட்சத்திரங்கள் சேர்ந்ததும் அடித்தளத்தில் தோன்றும் மிப்ஸ் என்ற முயலைத் தூக்கிக்கொண்டு, 30 நட்சத்திரம் கேட்கும் கதவை ஊடுருவிச் செல்ல முடியும் என்று ஆட்டக்காரர்கள் கண்டறிந்ததால், 16 நட்சத்திர ஓட்டம் பிறந்தது. மாரியோ பின்னோக்கிப் பாயும் வேகத்துக்கு உச்சவரம்பு இல்லாததால், படிக்கட்டில் திரும்பத் திரும்பப் பின்பாய்ச்சல் செய்து வேகத்தைக் குவித்து, 70 நட்சத்திரம் இல்லாதவருக்கு முடியாமல் நீளும் முடிவில்லாப் படிகளையும் ஏறிக் கடந்துவிடலாம். இந்தப் பாய்ச்சலின் துணையால் பின்னர் அந்தப் பதினாறும்கூடத் தேவையற்றுப் போயின. இவ்வளவு மாறியும் எனி பர்சென்டின் விதியில் ஓர் எழுத்தைக்கூட மாற்ற வேண்டியிருக்கவில்லை.

கிளிட்ச்லெஸ்ஸில் அந்த வசதி கிடையாது. எது கிளிட்ச் என்று யாரேனும் தீர்ப்புச் சொல்லியாக வேண்டும். 1985இன் சூப்பர் மாரியோ பிரதர்ஸில் 32 கட்டங்கள் இருந்தாலும், 1-2, 4-2 என்ற கட்டங்களில் உள்ள, பல கட்டங்களைத் தாண்டிக் கொண்டுபோகும் வார்ப் குழாய்களைப் பயன்படுத்தினால் எட்டே கட்டங்களில் முடித்துவிடலாம். அந்தக் குழாய்கள் உருவாக்கியவர்களே வைத்தவை. ஆகவே அவை கிளிட்ச் அல்ல. அப்படியானால் முக்கால்வாசிக் கட்டங்களைப் பார்க்காத ஆட்டத்தை இயல்பானது என்று ஏற்பதா? ஏற்க மனமில்லாதவர்களுக்காகவே அந்தக் குழாய்களைத் தவிர்க்கும் வார்ப்லெஸ் என்று தனி வகை இருக்கிறது. சுவரை உதைத்து எழும்பும் தாவலோ யாரும் திட்டமிடாதது. ஆனால் தற்செயலாக அதைச் செய்துவிடும் புதியவரின் ஆட்டத்தைச் செல்லாது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இதனால் கிளிட்ச்லெஸ்ஸைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. போக்கிமான் ரெட், ப்ளூ ஆட்டங்களில், சேவ் ஆகிக்கொண்டிருக்கும்போது மின்சாரத்தைத் துண்டித்துச் சேமிப்புக் கோப்பைச் சிதைத்தால், சண்டைகளை ஏறக்குறைய முழுவதும் தவிர்த்துவிட்டுச் சில நிமிடங்களில் இறுதித் திரைக்குப் போய்விடலாம். அணியைத் தேர்ந்து, அனுபவப் புள்ளிகளைக் கணக்கிட்டு, ஜிம் எனப்படும் சண்டைக்கூடங்களின் தலைவர்களை வெல்லும் திறமையைக் காண விரும்புபவருக்கு கிளிட்ச்லெஸ்தான் சரியான களம். ஆனால் அது எழுதி வைத்த தடைப்பட்டியலோடு கூடிய களம். கட்டுப்பாடற்றது என்ற பெயர் அதற்குப் பொருந்தாது.

ஆட்டத்தில் உள்ள அனைத்தையும் முடித்தாக வேண்டிய நூறு சதவீத ஓட்டம் இந்தப் போட்டியிலேயே சேராது. அது கடமையைக் கூட்டும் வகை.

எனி பர்சென்டுக்கும் எல்லை இல்லாமல் இல்லை. புதிய சேமிப்புக் கோப்பில் தொடங்க வேண்டும், ஏமாற்றுக் கருவிகளை இணைக்கக் கூடாது என்பவை எங்கும் எதிர்பார்க்கப்படுபவை. எந்தப் பதிப்பில் ஆடப்பட்டது என்பதையும் குறிப்பிட்டே தீர வேண்டும்: மாரியோ 64க்கு 1997இல் ஜப்பானில் வந்த ஷின்டோ பதிப்பில் அந்தப் பின்பாய்ச்சல் பிழையைத் திருத்திவிட்டார்கள், அதில் ஆடுபவருக்கு எந்த விதியும் குறுக்கே நிற்காவிட்டாலும், அந்தப் படிக்கட்டுக் குறுக்குவழி கிடைக்காது.