'அரண்மனை இன்று மூடியிருக்கு' என்பவரை நம்பாதீர்கள்: பாங்காக் போகிறவர்கள் கவனத்துக்கு

கிராண்ட் பேலஸ் மதில் ஓரத்திலோ சனாம் லுவாங் மைதானத்துப் பக்கமோ, இஸ்திரி போட்ட சட்டையும் கழுத்தில் அடையாள அட்டையுமாக ஒருவர் சிரித்துக்கொண்டே வருவார். எந்த ஊர் என்று விசாரிப்பார். இந்தியா என்றால் தாஜ்மகால், கிரிக்கெட் என்று இரண்டு வார்த்தை பேசுவார். பிறகுதான் விஷயத்துக்கு வருவார்: "உள்ளே பிக்குகள் பூஜை. இப்போ உள்ளூர்க்காரர்களுக்கு மட்டும். உங்களுக்கு மதியம் ஒரு மணிக்கு மேல்தான்."

முழுப் பொய். அரண்மனை தினமும் காலை 8:30-க்குத் திறக்கும், மதியம் 3:30 வரை டிக்கெட் கொடுப்பார்கள். அரச சடங்குகளுக்காக மூடும் நாட்கள் உண்டு. அவை அரண்மனையின் இணையதளத்தில் முன்கூட்டியே வந்துவிடும். தாய்லாந்துக் குடிமக்களுக்கு உள்ளே போகக் கட்டணம் இல்லை, நமக்கு 500 பாட் (தாய்லாந்துப் பணம்). அதனால்தான் 'உள்ளூர்க்காரர்களுக்கு மட்டும்' என்பது உண்மை மாதிரியே காதில் விழுகிறது. நா ஃபிரா லான் சாலையில் உள்ள விசெட் சாய் ஸ்ரீ வாசலைக் கண்ணால் பார்க்கும்வரை நடந்துகொண்டே இருங்கள்.

நின்று கேட்டால் என்ன ஆகும்? உங்கள் மேப்பிலேயே மூன்று இடங்களை வட்டம் போட்டுக் கொடுப்பார். 32 மீட்டர் உயர நின்ற புத்தர் சிலை, 'அதிர்ஷ்ட புத்தர்' இருக்கும் ஒரு சின்ன கோயில், கடைசியாக 'அரசாங்க' ரத்தினக் கடை. வரிச்சலுகைக்கு இன்றுதான் கடைசி நாளாம். அது எல்லா நாளும் கடைசி நாள்தான். மூன்றுக்கும் சேர்த்து 20, 40 பாட்டுக்கு ஒரு துக்துக் (அந்த ஊர் ஆட்டோ) தயாராக நிற்கும். அந்தக் காசு பெட்ரோலுக்கே காணாது. ஆள் கூட்டி வந்தால் கடைக்காரர் பெட்ரோல் கூப்பன் தருவார், நீங்கள் வாங்கினால் தனியாகக் கமிஷன்.

மோசடியின் உயிர்நாடி அந்தச் சின்ன கோயில்தான். ஆளரவமில்லாத மண்டபத்தில் இன்னொருவர் சாமி கும்பிட்டுக்கொண்டிருப்பார். வக்கீல் என்பார், வாத்தியார் என்பார். தானாக எதையும் விற்க வரமாட்டார். பேச்சுவாக்கில், போன வருஷம் இங்கே நீலக்கல் வாங்கி வெளிநாட்டில் இரண்டு மடங்குக்கு விற்றேன் என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். முன்பின் அறியாத இரண்டு பேர் ஒரே கதையைச் சொன்னதும் சந்தேகம் கரைந்துவிடுகிறது. படித்தவர்கள் ஏமாறுவதும் இங்கேதான்.

கடையில் கல்லைக் கண்ணாடியில் கீறிக் காட்டுவார்கள். கீறும். அசல் நீலக்கல் மாதிரியே செயற்கை நீலக்கல்லும் குருந்தம் என்ற பொருள்தான், கடினம் இரண்டுக்கும் ஒன்றே. அந்தச் சோதனை எதையும் நிரூபிக்காது. பெரும்பாலும் கிடைப்பது செயற்கைக் கல், இல்லையென்றால் பல மடங்கு விலை வைத்த மட்ட ரகம். "சுங்கத்தில் தொல்லை வேண்டாம், தபாலில் நாங்களே அனுப்புகிறோம்" என்றால் உஷார்: பாங்காக்கில் இருக்கும்போதே நீங்கள் கல்லைப் பரிசோதித்துவிடக் கூடாது என்பதுதான் கணக்கு.

படகுத் துறையிலும் இதே கூட்டம் உண்டு. தா சாங், தா தியென் அருகே "பொதுப் படகு இன்று இல்லை" என்று சொல்லி, ஆளுக்கு ஆயிரம் பாட்டுக்கு மேல் கேட்டு நீள்வால் படகில் ஏற்றப் பார்ப்பார்கள். ஆரஞ்சுக் கொடி கட்டிய பொதுப் படகுக்கு 16 பாட் அளவில்தான். தா தியெனிலிருந்து ஆற்றின் அக்கரையில் உள்ள வாட் அருண் கோயிலுக்குப் போக 5 பாட்தான். இந்தத் தொல்லையே வேண்டாம் என்றால் மெட்ரோவில் சனாம் சாய் நிலையத்தில் இறங்கி, வாட் போ கோயிலைப் பார்த்துவிட்டு அரண்மனைக்கு நடந்து போகலாம். முழங்காலும் தோளும் மூடிய உடை அவசியம்.

துக்துக்கில் ஏறிய பிறகுதான் உறைத்தது என்றால், கடைக்குள் காலெடுத்து வைக்க வேண்டாம். பேசிய காசைக் கொடுத்துவிட்டு இறங்கி மீட்டர் டாக்சி பிடியுங்கள். வாங்கியே விட்டீர்கள் என்றால் ரசீதோடு 1155-க்குப் போன் செய்யுங்கள். சுற்றுலா போலீஸ், ஆங்கிலத்தில் பேசுவார்கள். ஊரை விட்டுக் கிளம்புவதற்கு முன்பே புகார் கொடுத்தால்தான் பணம் திரும்ப வாய்ப்பு. கார்டில் கட்டியிருந்தால் அன்றைக்கே வங்கிக்கும் எழுத்தில் தெரிவித்துவிடுங்கள்.