ஃப்ளாப்பி டிரைவ் இல்லை என்று சொல்லி என் லேப்டாப்பைத் துடைத்துவிட்டார்கள்

பழைய விண்டோஸ் எக்ஸ்பி லேப்டாப்பை இன்னும் தொழிலுக்கு வைத்திருப்பவர்கள், முக்கியமாக டிடிபி சென்டரும் அச்சகமும் நடத்துபவர்கள், அதை சர்வீஸுக்குக் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள். எனக்கு 4,150 ரூபாயும் ஆவணி முகூர்த்த நேரத்தில் ஒன்பது நாளும் போய்விட்டன.

என்னுடையது 2008-இல் வாங்கியது. பக்கம் வடிவமைக்கும் பேஜ்மேக்கர் 7, பழைய தமிழ் எழுத்துருக்கள், அவை வேலை செய்யக் கணினியில் செருகும் டாங்கிள் எல்லாம் அதில்தான். இத்தனை வருடமாக அடித்த கல்யாணப் பத்திரிகை, காதணி விழா அழைப்பிதழ், கோயில் கொடை நோட்டீஸ் அத்தனையும் டி டிரைவில் இருந்தன. "அண்ணனுக்கு அடிச்ச அதே டிசைன்ல தம்பிக்கும் வேணும்" என்று வருவார்கள். பெயரையும் தேதியையும் மாற்றிக் கொடுத்துவிடுவேன். பேஜ்மேக்கர் இன்றைய பொது எழுத்துமுறையான யூனிகோடை ஏற்காது. அதனால்தான் புதிய கணினிக்கு மாறாமல் இருந்தேன். மைக்ரோசாஃப்ட் எக்ஸ்பிக்கான ஆதரவை 2014 ஏப்ரல் 8-ஆம் தேதியோடு நிறுத்திவிட்டதால் அதில் இன்டர்நெட் இணைப்பே கொடுப்பதில்லை.

ஒரு நாள் காலையில் ஆன் செய்தால் கருப்புத் திரையில் என்டிஎல்டிஆர் (விண்டோஸைத் தொடங்கிவைக்கும் ஃபைல்) காணவில்லை என்று ஒரே ஒரு வரி. ஊரில் உள்ள ஒரு சர்வீஸ் கடைக்குக் கொண்டுபோனேன். அவர் ஒரு எக்ஸ்பி சிடியைப் போட்டு எனக்கு முன்னாலேயே ஓட்டிக் காட்டினார். கணினியில் ஹார்ட் டிஸ்க்கே இல்லை என்று திரையில் வந்தது. "பாத்தீங்களா அண்ணாச்சி, சாட்டா டிரைவர் வேணும். அதை ஃப்ளாப்பிலதான் குடுக்கணும். உங்க லேப்டாப்ல ஃப்ளாப்பி டிரைவே கிடையாது. ரெக்கவரி டிஸ்க் போடணும்னாலும் ஃப்ளாப்பி இல்லாம முடியாது" என்றார். யூஎஸ்பி ஃப்ளாப்பி டிரைவுக்கு 1,650, வேலைக்கு 2,500. டி டிரைவில் கை வைக்கக் கூடாது என்று இரண்டு முறை சொல்லிவிட்டு வந்தேன்.

அவர் சொன்னதில் பாதி உண்மை. அதனால்தான் நம்பினேன். எக்ஸ்பி வந்தது 2001-இல். அதன் சிடியில், சாட்டா வகை ஹார்ட் டிஸ்க் இயங்கும் ஏஹெச்சிஐ என்ற முறைக்கு டிரைவர் (அந்த டிஸ்க்கை விண்டோஸுக்குத் தெரியவைக்கும் சிறு மென்பொருள்) கிடையாது. இன்ஸ்டால் தொடங்கும்போது எஃப்6 அழுத்தினால் அந்த டிரைவரை ஃப்ளாப்பியில் மட்டும்தான் கேட்கும். இதுவரை சரி. ஆனால் பயாஸுக்குள் (கணினி ஆன் ஆனதும் முதலில் ஓடும் அடிப்படை அமைப்பு) போய் சாட்டா முறையை ஐடிஇ என்ற பழைய முறைக்கு மாற்றிவிட்டால் அதே சிடிக்கு ஹார்ட் டிஸ்க் தெரிந்துவிடும். பயாஸில் அந்த வசதி இல்லாத லேப்டாப் என்றால் என்லைட் என்ற இலவச மென்பொருளால் டிரைவரை சிடிக்குள்ளேயே சேர்த்துப் புதிய சிடி எழுதலாம். கணினியைத் தொடங்கிவைக்கும் பூட் சிடி செய்யவும் ஃப்ளாப்பி டிரைவ் தேவையில்லை. 1.44 எம்பி ஃப்ளாப்பியின் நகலை ஒரு ஃபைலாக சிடிக்குள் வைத்தால் போதும், பயாஸ் அதையே ஏ டிரைவாக எடுத்துக்கொள்ளும். இன்னொன்று, யூஎஸ்பி ஃப்ளாப்பி டிரைவ் எல்லாவற்றையும் எக்ஸ்பி இன்ஸ்டால் ஏற்பதும் கிடையாது. குறிப்பிட்ட சில மாடல்கள்தான் அதில் வேலை செய்யும்.

மூன்றாம் நாள் லேப்டாப் வந்தது. டி டிரைவைக் காணோம். கேட்டால், "பார்ட்டிஷன் கெட்டுப் போச்சு, வேற வழியில்ல" என்றார். கூடவே ஃப்ளாப்பி டிரைவையும் கையில் கொடுத்தார். வீட்டுக்கு வந்துதான் கவனித்தேன், அதன் பெட்டியைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக் உறை கிழிக்கப்படவே இல்லை.

அன்று ராத்திரி அக்கா மகன் வந்து பார்த்தான். பயாஸில் சாட்டா முறை ஐடிஇ என்று இருந்தது, ஃப்ளாப்பியே இல்லாமல் இப்படித்தான் முடித்திருக்கிறார்கள். டிரைவ் பட்டியலைத் திறந்தவன், "மாமா, முன்னாடி சி, டி ரெண்டும் எவ்வளவு காட்டும்?" என்று கேட்டான். இரண்டையும் கூட்டினால் 140 ஜிபி வரும். பேக்கப் எடுக்கும்போதெல்லாம் பார்த்ததால் நினைவிருந்தது. இப்போது ஒரே சி டிரைவாக 149 ஜிபி காட்டியது. 160 என்று விற்கும் ஹார்ட் டிஸ்க்கை விண்டோஸ் 149 என்றுதான் காட்டுமாம். அப்படியானால் முன்பு கண்ணில் படாமல் இருந்த 9 ஜிபி எது? அதுதான் லேப்டாப் கம்பெனியே உள்ளே மறைத்து வைத்திருந்த, விண்டோஸைத் திரும்பப் போடுவதற்கான ரெக்கவரி பார்ட்டிஷன் (டிஸ்க்கின் தனிப் பகுதி). எக்ஸ்பி, டிரைவர்கள் எல்லாம் அதற்குள்தான் இருந்தன. டிஸ்க்கின் தொடக்கத்தில் இருந்த அதன் மேலேயே புது எக்ஸ்பியைப் போட்டிருக்கிறார்கள். மை கம்ப்யூட்டரின் ப்ராப்பர்டீஸில் தெரியும் ப்ராடக்ட் ஐடியில் முன்பு ஓஇஎம் (லேப்டாப் கம்பெனி கொடுத்த விண்டோஸின் அடையாளம்) என்ற எழுத்துகள் இருந்தன, இப்போது இல்லை. அதாவது எனக்கு உரிமையுள்ள எக்ஸ்பியை அழித்துவிட்டு வேறெதையோ போட்டுக் காசு வாங்கியிருக்கிறார்கள்.

இதில் எனக்கு ஆறவே இல்லாத விஷயம், அந்த என்டிஎல்டிஆர் கோளாறுக்கு எதையும் அழிக்க வேண்டிய அவசியமே இருந்திருக்காது என்பதுதான். பயாஸை ஐடிஇக்கு மாற்றி, எக்ஸ்பி சிடியின் ரெக்கவரி கன்சோலில் (பழுதுபார்க்கக் கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் இடம்) நுழைந்து, அந்த ஃபைலையும் அதன் துணை ஃபைலான என்டிடிடெக்ட்டையும் சிடியிலிருந்து நகல் எடுத்துப் போட்டாலே பெரும்பாலும் சரியாகிவிடும். வேலை முடிந்ததும் பயாஸைப் பழையபடி மாற்றிவிட வேண்டும், இல்லையென்றால் நீலத் திரை வரும். ஹார்ட் டிஸ்க்கே பழுதானால்தான் இதற்கு மேல் போக வேண்டும்.

மறுநாள் கடைக்குப் போய்ச் சண்டை போட்டேன். பிரிக்காத டிரைவைக்கூடத் திரும்ப வாங்க மறுத்துவிட்டார். ரசீதில் "சர்வீஸ்" என்ற ஒரே சொல்லும் தொகையும்தான் இருக்கின்றன. என்ன செய்யப்போகிறார்கள், எதை அழிக்கக் கூடாது என்று ரசீதில் எழுதி வாங்காமல் லேப்டாப்பை விட்டுவிட்டு வராதீர்கள்.

உங்கள் எக்ஸ்பி லேப்டாப் இப்போது நன்றாக ஓடுகிறது என்றால் இன்றைக்கே உட்கார்ந்து ரெக்கவரி டிஸ்க் எழுதி வைத்துவிடுங்கள். ஸ்டார்ட் மெனுவில் ரெக்கவரி டிஸ்க் எழுதும் மென்பொருளைக் கம்பெனியே கொடுத்திருக்கும். ஹெச்பியில் ஒரே ஒரு செட் எழுதத்தான் அனுமதி, ஆகவே நல்ல டிவிடியாக வாங்குங்கள். பூட் ஆகவில்லை என்றாலும் ஆன் செய்தவுடன் இந்த விசைகளை அழுத்தி உள்ளே இருக்கும் ரெக்கவரி பார்ட்டிஷனைக் கூப்பிட்டுப் பாருங்கள்: ஹெச்பிக்கு எஃப்11, ஏசருக்கு ஆல்ட்டும் எஃப்10-உம், அசூஸுக்கு எஃப்9, அந்தக் காலத்து டெல்லுக்கு கன்ட்ரோலும் எஃப்11-உம். ஆனால் அது சி டிரைவைப் புதிதாக்கிவிடும், சில மாடலில் முழு டிஸ்க்கையுமே. ஆகவே முதலில் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி, சாட்டா-யூஎஸ்பி கேபிளில் வேறு கணினியோடு இணைத்து ஃபைல்களை எடுத்துக்கொள்ளுங்கள்.

என் கதைக்கு வருகிறேன். தெரிந்த அச்சகக்காரர் ஒருவரிடம் அதே மாடல் லேப்டாப்பும் அதன் இரண்டு ரெக்கவரி டிவிடிகளும் இருந்தன. அவற்றைப் போடும் முன் அக்கா மகன் அழிந்த பார்ட்டிஷனை மீட்கும் டெஸ்ட்டிஸ்க் என்ற மென்பொருளை ஓட்டினான். புது எக்ஸ்பி டிஸ்க்கின் முன்பகுதியில் மட்டும் எழுதியிருந்ததால் பின்னால் இருந்த பழைய டி டிரைவ் பெரும்பாலும் அப்படியே கிடைத்தது. இப்போது எல்லாவற்றையும் பழையபடி அமைத்து, முழு டிஸ்க்கையும் குளோன்சில்லா என்ற மென்பொருளால் நகலெடுத்து வெளி ஹார்ட் டிஸ்க்கில் வைத்துவிட்டோம். இரண்டு ஃபோல்டர்கள் மட்டும் திறக்கவில்லை. அதில் ஒரு குடும்பத்தின் மூத்த மகள் கல்யாணப் பத்திரிகை இருந்தது; இளையவளுக்கும் அதே மாதிரி வேண்டும் என்று முன்பணம் கொடுத்திருக்கிறார்கள். அவர்கள் பீரோவில் பத்திரமாக வைத்திருந்த பழைய பத்திரிகையை வாங்கி வந்து, பார்த்துப் பார்த்துத் தட்டச்சு செய்துகொண்டிருக்கிறேன்.