செவரன்ஸ் முதல் சீசன் கடைசி எபிசோடு: கையை விட்டால் போச்சு

முடிவு வரைக்கும் இதில் பேசியிருக்கிறோம். பார்க்காதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

அலுவலக நினைவையும் வெளி வாழ்க்கை நினைவையும் அறுவை சிகிச்சையால் தனித்தனியாகப் பிரித்துக்கொண்ட ஊழியர்களின் கதைதான் செவரன்ஸ் தொடர். ஆப்பிள் டிவி பிளஸ்ஸில் 2022 ஏப்ரலில் வந்த இந்த ஒன்பதாவது எபிசோடு, காட்பாடி பக்க விடுதி அறைகளில் இன்னமும் வாக்குவாதத்தைக் கிளப்புகிறது. “பாலாறு மாதிரி பாலம் மட்டும் நீளமா இருக்கு, தண்ணியக் காணோம்” என்பது ஒரு சாராரின் குறை. பதில்கள் குறைவு என்பது உண்மைதான். ஆனால் இந்த எபிசோடின் பலமே வேறு இடத்தில் இருக்கிறது.

ஊழியர்களில் ஒருவனான டிலன், அலுவலகத்துக்குள் இரண்டு சுவிட்சுகளையும் ஒரே நேரத்தில் பிடித்திருக்கும் வரைதான் சக ஊழியர்கள் மார்க், ஹெல்லி, இர்விங் மூவரின் அலுவலக மனம் வெளியுலகில் விழித்திருக்கும். அவன் கைகள் நடுங்க நடுங்க, நமக்கும் தோள் வலிக்கிறது. கடிகாரத்தைக் காட்டாமலே நேரம் கரைவதை உணர்த்திவிடுகிறார் இயக்குநர் பென் ஸ்டில்லர். விருந்தில் மார்க், பக்கத்து வீட்டு செல்விக் அம்மாவைத் தவறுதலாக, அலுவலகத்தில் தன் மேலாளராக அறிந்த பெயரால் “மிஸ் கோபெல்” என்கிறான். அவள் முகம் மாறும் அந்த ஒரு நொடியை மட்டும் பின்னால் ஓட்டி மறுபடி பாருங்கள். அபாரம்!

இர்விங்கின் கிளைக்கதைதான் தொய்வு. அலுவலகத்தில் அவன் நேசித்த பர்ட்டின் வீட்டுக் கதவைத் தட்டுவதோடு நின்றுவிடுகிறது.

எட்டாவதையும் ஒன்பதாவதையும் ஒரே மூச்சில் பாருங்கள். இடைவெளி விட்டால் பதற்றம் ஆறிவிடும். ஹெட்போன் அவசியம், ஃபேன் சத்தத்தில் முணுமுணுப்பு வசனங்கள் போய்விடும். இறந்ததாகக் கருதப்பட்ட மனைவியைப் பற்றி “அவ உயிரோட இருக்கா!” என்று மார்க் கத்தியதும் திரை இருளும். அடுத்த சீசனுக்கு 2025 ஜனவரி வரை காத்திருந்தவர்களின் கோபம் நியாயமானது. இப்போது பார்ப்பவர்களுக்கு அந்தத் தவிப்பு இல்லை.