ஐந்து குளிர்காலமாக எல்டர்பெர்ரி சிரப்

குடித்தால் சளி பிடிக்காது என்று சொல்கிறார்களே என்று, எல்டர்பெர்ரி என்ற சின்னக் கறுப்புப் பழத்தைச் சிரப்பாகக் காய்ச்ச ஆரம்பித்து ஐந்து குளிர்காலம் ஆகிவிட்டது. முதல் வருடமே பட்டுத் தெரிந்துகொண்டேன். கறுகறுவென்று தொங்கிய கொத்தைப் பார்த்ததும் ஆசை தாங்காமல் ஒரு கைப்பிடி பச்சையாகவே வாயில் போட்டேன். ருசியும் பெரிதாக இல்லை. கொஞ்ச நேரத்தில் வயிற்றைப் பிரட்டி, அன்று முழுக்க வாந்திதான். இலை, காம்பு, காய், விதை எல்லாவற்றிலும் சயனைடை வெளிவிடும் பொருள் இருக்கிறது என்று அப்புறம்தான் படித்தேன். 1983 ஆகஸ்டில் கலிஃபோர்னியாவில், இலை காம்போடு சேர்த்துப் பிழிந்த பச்சைச் சாற்றைக் குடித்த 11 பேருக்கு உடம்பு முடியாமல் போனது. எட்டுப் பேரை ஹெலிகாப்டரில் மருத்துவமனைக்குத் தூக்கிப்போனார்கள்.

காய்ச்சுவது சுலபம், காம்பு நீக்குவதுதான் உயிரை எடுக்கும் வேலை. முள்கரண்டியால் கொத்தை வாரிவிட்டுப் பார்த்தேன். பாதிப் பழம் நசுங்கிப்போனது. இப்போது கொத்தோடு உறையவைத்து, மறுநாள் உதிர்த்து எடுக்கிறேன். தண்ணீரில் கொட்டினால் பச்சைக்காய்களில் பெரும்பாலானவை மேலே மிதக்கும், அப்படியே வழித்துக் கொட்டிவிடலாம். உலர்ந்த பழமென்றால் ஒரு கப்புக்கு நாலு கப் தண்ணீர். மூடாமல், சிறு தீயில், பாதியாகச் சுண்டும்வரை முக்கால் மணி நேரம் விடுகிறேன். மிக்ஸியில் அரைப்பதில்லை, விதை உடையும். வடிகட்டி, கை பொறுக்கும் சூட்டுக்கு வந்தபிறகு தேன். ஒரு வயது ஆகாத குழந்தைக்குத் தேன் ஆகாது என்பதால் அவர்களுக்கு இது கிடையவே கிடையாது. ஃப்ரிட்ஜில் வைத்து இரண்டு வாரத்துக்குள் தீர்த்துவிடுகிறேன். புளிப்பு குறைவான பழம், வெளியே வைத்தால் நம்ப முடியாது.

புதுப்பழத்தை அலசிய பாத்திரத்தில் பிசுபிசுவென்று பச்சையாக ஒரு பிசின் ஒட்டும். சோப்புக்கு அசையாது, முதலில் எண்ணெய் தடவித் துடைக்க வேண்டும்.

சளி பிடிக்காமல் இருந்ததா? பிடித்தது, வருடம் தவறாமல். தொண்டைக்கு இதமாக இருக்கிறது, அவ்வளவுதான் என் அனுபவம். மருந்தென்று எண்ணிக் குடித்தபோது ஏமாற்றம். வட ஜெர்மனியில் இதே பழத்தை ஆப்பிளும் ரவை உருண்டையும் போட்டுச் சூப்பாகவே சாப்பிடுகிறார்கள் என்று தெரிந்தபிறகு நானும் சாப்பாடாகப் பார்க்கத் தொடங்கினேன். பூவை மாவில் தோய்த்துப் பொரிக்கலாம். காம்பை ஒட்ட நறுக்கிவிட வேண்டும். எனக்குச் சிரப்பைவிட அதுதான் பிடித்திருக்கிறது. ஆனால் ஒரு சிக்கல்: எத்தனை பூவைப் பறிக்கிறோமோ, அத்தனை பழம் அந்த வருடம் குறையும். போன முறை பேராசைப்பட்டுப் பறித்ததில் ஒன்றரை பாட்டில்தான் தேறியது.