ஆன்கி செயலி: நேரம் நிலையில்லாதவர்களுக்கு ஒத்துவருமா?

வேலைக்குப் போய்க்கொண்டே டி.என்.பி.எஸ்.சி.க்குப் படிக்கிறவர்களிடம் மணிவாரி அட்டவணை ஒரு வாரம் தாங்குவதே பெரிது. ஷிப்ட் மாறும், பஸ் தாமதமாகும். ஒரு பக்கம் கேள்வி, மறுபக்கம் விடை என்று கார்டு எழுதிவைத்தால், மறப்பதற்கு முன் அதைத் திரும்பத் திரும்பக் காட்டும் செயலிதான் ஆன்கி. அது மணி கேட்பதில்லை. இன்றைக்குள் இத்தனை கார்டு முடிந்தால் சரி; பஸ்ஸில் பாதி, சாப்பாட்டு இடைவேளையில் மீதி என்று பார்த்துக்கொள்ளலாம்.

டேமியன் எல்ம்ஸ் 2006-இல் வெளியிட்டது இது. ஜப்பானிய மொழியில் 'அன்கி' என்றால் மனப்பாடம். கணினியில் இலவசம், ஆண்ட்ராய்டில் 'ஆன்கிட்ராய்ட்' என்ற பெயரில் இலவசம். ஐபோனுக்கு மட்டும் ஒரே தடவையாக 24.99 டாலர். அதே பெயரை ஒட்டிக்கொண்டு சந்தா கேட்கும் செயலிகள் வேறு, பார்த்து இறக்குங்கள்.

நிறுவியதும் முதலில் கைவைக்க வேண்டியது புதிய கார்டு எண்ணிக்கையில். நாளுக்கு 20 என்று இருக்கும். இருபதுதானே என்று தோன்றும். ஆனால் ஒவ்வொரு கார்டும் மறுநாள், சில நாள் கழித்து, சில வாரம் கழித்து என்று திரும்பி வருவதால், விடாமல் 20 சேர்த்தால் மறுபார்வை நாளுக்கு 200 பக்கம் போய்விடும். கார்டுக்கு 8 வினாடி வைத்தாலும் 27 நிமிடம். வேலை பார்ப்பவர் 8 கார்டில் தொடங்கட்டும்.

அடுத்தது எஃப்.எஸ்.ஆர்.எஸ். எந்தக் கார்டை எப்போது திரும்பக் காட்டுவது என்று கணிக்க 2023-இன் 23.10 பதிப்பில் சேர்ந்த முறை; டெக் (கார்டுத் தொகுப்பு) அமைப்புகளில் 'ஆன்' செய்துவிடுங்கள். நினைவு இலக்கு 0.90, அதாவது நூற்றுக்குத் தொண்ணூறு ஞாபகம் வர வேண்டும் என்று இருப்பதை மாற்றாதீர்கள். 0.95 ஆக்கினால் தினசரிக் குவியல்தான் ஏறும். விடை மறந்திருந்தால் 'அகெய்ன்' அழுத்த வேண்டும். மனசு வராமல் 'ஹார்ட்' அழுத்தினால், சிரமப்பட்டாவது ஞாபகம் வந்தது என்று கணக்கெழுதிக்கொண்டு அடுத்த தேதியைத் தள்ளிப்போட்டுவிடும்.

24.11 பதிப்பில் வந்த 'ஈஸி டேஸ்' வசதி நேரம் நிலையில்லாதவர்களுக்கென்றே செய்ததுபோல் இருக்கிறது. கிழமைக்கொரு ஸ்லைடர், ஓவர்டைம் பார்க்கும் சனிக்கிழமையைக் குறைத்து வைத்தால் அன்றைய கார்டுகள் முன்பின் நாட்களுக்குப் பரவும். இடைவெளி இரண்டு நாளுக்குள் இருக்கும் புதுக் கார்டுகள் மட்டும் நகராது. ஆன்கியில் நாள் மாறுவது நள்ளிரவில் இல்லை, அதிகாலை 4 மணிக்கு. இரவு ஒரு மணிக்குப் படித்தாலும் அது முந்தைய நாள் கணக்கில்தான் சேரும்.

பத்து நாள் விட்டுப்போய் 600 கார்டு குவிந்தால்? புதிய கார்டை 0 ஆக்குங்கள். மறுபார்வை உச்சவரம்பை 80-க்கு இறக்குங்கள். வரிசையை 'டிசெண்டிங் ரிட்ரீவபிலிட்டி'யில் வையுங்கள். இன்னும் நினைவில் நிற்பவை முதலில் வரும், அவை கைநழுவாது. 'ரீசெட்' பக்கம் போகவே வேண்டாம், பழைய முன்னேற்றமெல்லாம் போய்விடும்.

கார்டு சரியில்லை என்றால் மேலே சொன்ன எதுவும் பலிக்காது. "86ஆவது திருத்தம் பற்றிக் கூறுக" என்ற கார்டில் நான்கு விடை ஒளிந்திருக்கிறது. ஒன்று மறந்தாலும் முழுக் கார்டும் தோல்வி. எட்டு முறை தவறினால் 'லீச்', அதாவது ஓயாமல் மறந்துபோகும் கார்டு என்று ஆன்கியே முத்திரை குத்திவிடும். பிரித்து எழுதுங்கள்: எந்த ஆண்டு? 2002. புதிதாகச் சேர்ந்த அடிப்படை உரிமை? 21-ஏ. மாற்றி எழுதப்பட்ட நெறிமுறைக் கோட்பாடு? 45. சேர்ந்த அடிப்படைக் கடமை? 51-ஏ(கே). வேறு யாரோ தயாரித்த ஆயிரம் கார்டு டெக்கை இறக்கிக்கொள்வதைவிட, பாடத்தைப் படித்துவிட்டுத் தானே பத்து கார்டு எழுதுவது மேல்.

திறனறிக் கணக்குக்கும் விரிவான விடைக்கும் இது உதவாது. அதற்குத் தாளும் பேனாவும் தனி நேரமும் வேண்டும்.

கணினி, போன் இரண்டிலும் வைத்திருந்தால் முதல் ஒத்திசைவின்போது 'அப்லோட்', 'டவுன்லோட்' என்று கேட்கும். கார்டு இருக்கும் கருவியில் 'அப்லோட்', காலியான கருவியில் 'டவுன்லோட்'. மாற்றி அழுத்தினால் எழுதிய கார்டெல்லாம் போச்சு.