கணக்கெடுக்க ஆள் வரும்வரை தோப்புக்குள் மெஷினை விடாதீர்கள்

தென்னை வைத்திருப்பவர்கள், குறிப்பாகக் கடலோர மாவட்டக்காரர்கள், இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். வங்கக்கடலில் தாழ்வு நிலை என்று டிவியில் சொன்னாலே எங்கள் அப்பா எழுந்துபோய்த் தோப்பை ஒரு சுற்று சுற்றிவிட்டு வருகிறார். அவர் பயப்படுவது காற்றுக்கு மட்டும் இல்லை. காற்று போன பிறகு, விழுந்த மரத்தை வெட்டித் தருகிறேன் என்று பைக்கில் வருவானே, அவனுக்கும்தான்.

2018 நவம்பர் 16 விடியற்காலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கஜா புயல் கரையேறியது. எங்களுக்குப் பேராவூரணிப் பக்கம் இரண்டு ஏக்கர் தோப்பு. விடிந்து போய்ப் பார்த்தால் 138 மரம் போயிருந்தது. பாதி வேரோடு சாய்ந்தது, மீதி நடுவில் முறிந்தது. உள்ளே கால் வைக்க இடமில்லை. ஒரு மரத்தின் மேல் இன்னொரு மரம், அதன் மேல் மட்டையும் பாளையும். அப்பா மரங்களுக்கு வெள்ளை பெயிண்டில் நம்பர் போட்டு வைத்திருந்தார், வெட்டுக்கு வெட்டு எந்த மரம் எவ்வளவு காய்த்தது என்று பார்க்க. இந்த நம்பர் விஷயம் பின்னால் வரும்.

புயல் போன சில நாளிலேயே அரசு நிவாரணம் அறிவித்தது. விழுந்த தென்னை ஒன்றுக்கு 1,100 ரூபாய். அதில் 600 மரத்துக்கு, 500 மரத்தை வெட்டி அகற்ற. ஹெக்டேருக்கு 175 மரம் என்று வைத்து 1,92,500 ரூபாய். இது எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. அந்த ஐநூறைக் குறிவைத்து ஒரு கூட்டமே கிளம்பியது என்பதுதான் எங்களுக்கு அப்போது உறைக்கவில்லை.

பத்து நாள் கழித்து ஒருவர் வந்தார். பெயர், ஊர் எதுவும் எழுதப்போவதில்லை. நல்ல பேச்சு. அப்பாவை முதல் வார்த்தையிலேயே மாமா என்றுவிட்டார்.

"மாமா, நீங்க கையிலேர்ந்து பெருசா எதுவும் போட வேணாம். வெட்டுக்கூலி ஐநூறு கவர்மெண்டே தருது. அது உங்க அக்கவுண்ட்ல ஏறுனதும் எனக்குக் குடுத்தா போதும். இப்ப டீசலுக்கு ஒரு பதினஞ்சாயிரம், அவ்வளவுதான்."

கரண்ட் இல்லை, குடிதண்ணீர் இல்லை, ஊரில் ஆள் கிடைக்கவில்லை. அந்த நேரத்தில் அது தெய்வவாக்கு மாதிரி கேட்டது. இருபது ரூபாய்ப் பத்திரம் ஒன்றில் "138 தென்னை மரங்களை வெட்டிக் கொடுப்பது, மரம் ஒன்றுக்கு ரூ.500" என்று எழுதி அப்பாவிடம் கையெழுத்து வாங்கினார். படித்தவன் நான் பக்கத்தில்தான் நின்றேன். "எதுக்குப்பா, ரெண்டு நாள் பொறுங்க" என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பத்திரத்தை அவரே மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். ஒரு ஜெராக்ஸ் கூடக் கேட்கத் தோன்றவில்லை.

முதல் இரண்டு நாள் வேலை பிரமாதம். ரோட்டோரப் பக்கம் ஜேசிபியை இறக்கி, தூரோடு பிடுங்கி, தோப்பு மூலையில் இருந்த பழைய குட்டையில் தள்ளி மண்ணைப் போட்டு மூடினார்கள். 47 மரம் இருந்த இடம் களம் மாதிரி ஆகிவிட்டது. பார்க்க வந்தவர்கள் எல்லாம் அவர் நம்பரை வாங்கிப் போனார்கள், நாங்களே கொடுத்தோம். மூன்றாம் நாள் ஜேசிபி வேறு ஊருக்குப் போய்விட்டது. மிச்சம் 91 மரத்தில், முற்றிய நல்ல அடித்துண்டுகளை மட்டும் அறுத்து லோடு ஏற்றினார்கள். தூர், கொண்டை, மட்டை எல்லாம் கிடந்த இடத்திலேயே கிடந்தது. உடைந்த துண்டுகள் சில மட்டும் எங்கேயோ காணாமல் போயின. எங்கே என்று நாங்கள் கேட்கவில்லை. போனால் சரி என்றிருந்தோம்.

டிசம்பரில் நிவாரணத்துக்காக விழுந்த மரங்களைக் கணக்கெடுக்க வந்தார்கள். தோப்பில் நடந்து நடந்து எண்ணினார்கள். 91. ரோட்டோரம் காலி இடம்தானே? அங்கே மரம் இருந்தது என்று அப்பா தரையில் குத்துக்கால் போட்டு உட்கார்ந்து குழி குழியாகக் காட்டினார். வந்தவர்களைக் குறை சொல்ல மாட்டேன். கண்ணுக்குத் தெரிவதைத்தானே எழுத முடியும். போட்டோ இருக்கிறதா என்றார்கள். இல்லை. யார் நிலத்தில் என்ன பயிர் என்று எழுதி வைக்கும் அடங்கல் பதிவேட்டில் எத்தனை மரம் என்று பார்த்தார்கள். தென்னை என்று மட்டும் இருந்தது, எண்ணிக்கை இல்லை. 47 மரம், மரத்துக்கு 1,100. ஐம்பத்தோராயிரத்து எழுநூறு ரூபாய் மண்ணுக்குள் போய்விட்டது. ஒழுங்காகச் செய்த வேலையால்தான் நஷ்டம் என்பதை இன்றைக்கும் அப்பாவால் ஜீரணிக்க முடியவில்லை.

பணம் கணக்கில் ஏறிய நான்காம் நாள் அவர் வாசலில் நின்றார். எப்படித் தெரிந்தது என்று கேட்காதீர்கள். கையில் பத்திரம். 138 மரம், 69,000 ரூபாய், கொடுத்த பதினைந்து போக 54,000. எங்கள் தோப்பில் 138 மரம் விழுந்தது என்று எழுத்தில் சொன்ன ஒரே காகிதம் அது. கணக்கெடுப்பு நாளில் எங்கள் கையில் இருக்க வேண்டியது, வசூல் நாளில் அவர் கையில் இருந்தது.

தூரும் கொண்டையும் அப்படியே கிடக்கிறதே என்றேன். பத்திரத்தை விரித்து விரலை வைத்துக் காட்டினார். "வெட்டிக் கொடுப்பதுன்னுதானே தம்பி இருக்கு? அகற்றுறதுன்னு எங்க இருக்கு?" உண்மைதான். அரசு கொடுத்த ஐநூறு "வெட்டி அகற்ற". அவர் ஐநூறுக்கு "வெட்டி" மட்டும். ஊர்ப் பெரியவர்களை வைத்துப் பேசி முப்பதாயிரத்தில் முடித்தோம். லோடு லோடாகப் போன நல்ல கட்டைக்குப் பைசா கிடையாது.

கிடந்த தூரையும் கொண்டையையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டது எங்கள் அடுத்த தப்பு. மழை குடித்து மக்கிய தென்னங்கட்டைதான் காண்டாமிருக வண்டு முட்டை வைக்கிற இடம். அடுத்த வருஷம் ஒரு தூரைப் பிளந்தால் உள்ளே விரல் தண்டிக்குப் புழுக்கள். புதிதாக வைத்த கன்றுகளில் குருத்து விரியும்போதே கத்தரித்த விசிறி மாதிரி மட்டை வெளியே வந்தது. வேப்பம் புண்ணாக்கும் மணலும் கலந்து மட்டை இடுக்கில் வைத்தோம், இனக்கவர்ச்சிப் பொறி கட்டினோம், மக்கிய கட்டையில் மெட்டாரைசியம் பூஞ்சை கரைத்து ஊற்றினோம். கடைசியில் சொந்தக் காசில் ஜேசிபி வைத்து எல்லாத் தூரையும் எடுத்த பிறகுதான் அடங்கியது.

காணாமல் போன துண்டுகளும் கிடைத்தன. 2019 ஆகஸ்டில் மேட்டூர் திறந்து, கல்லணைக் கால்வாய்த் தண்ணீர் கடைமடைக்கு வந்தபோது எங்கள் கிளை வாய்க்காலில் மட்டும் மதகு தாண்டி ஏறவில்லை. கீழே வயல் வைத்திருப்பவர்கள் இறங்கிப் பார்த்தால் அடியில் தென்னைத் துண்டுகள் அடைத்துக் கிடக்கின்றன. யார் தோப்பு மரம் என்று விசாரிக்கவே வேண்டியிருக்கவில்லை. ஒரு துண்டில் வெள்ளை பெயிண்டில் 64 என்று இருந்தது. ஊரே வந்து வீட்டு வாசலில் நின்றது. அப்பா வாய் பேசாமல் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாய்க்காலில் இறங்கினார். ஆள் கூலியும் நாங்கள்தான் கொடுத்தோம்.

அதனால் சொல்கிறேன். அடங்கலில் உங்கள் தென்னை ஏறியிருக்கிறதா, எத்தனை மரம் என்று இருக்கிறதா என்று காற்று இல்லாத இந்த நாளிலேயே போய்ப் பாருங்கள். மரத்துக்கு நம்பர் போடுங்கள், போட்டதோடு நிற்காமல் அந்த நம்பர் தெரிகிற மாதிரி போட்டோ எடுத்து வையுங்கள். நாங்கள் நம்பர் போட்டோம், போட்டோ எடுக்கவில்லை. வழி அடைத்துக் கிடந்தால் பாதைக்கு மட்டும் வெட்டுங்கள், தூரைத் தொடாதீர்கள். ஒப்பந்தம் எழுதினால் தூர் எடுப்பது யார், கட்டை எங்கே போய்ச் சேரும், நல்ல கட்டையின் விலை யாருக்கு என்பது மூன்றும் எழுத்தில் வரட்டும். பாதிப் பணத்தையாவது தோப்பு சுத்தமான பிறகு கொடுங்கள். உங்களை மாமா என்று கூப்பிட்டாலும் சரி.

அந்தப் பத்திரத்தைப் பணம் கொடுத்தபோது கேட்டு வாங்கிக்கொண்டேன். பெயர்களை மறைத்துப் படம் எடுத்து வைத்திருக்கிறேன். கேட்பவர்களுக்கு அனுப்புகிறேன், எந்த வார்த்தை அதில் இல்லை என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.