ஒரு லிட்டர் ஸ்டீல் ஃப்ளாஸ்க்: 8 கீமோவுக்கு அப்புறம் எழுதும் ரிவ்யூ

குன்னூர் மார்க்கெட்டில் ஒரு பாத்திரக் கடையில் 1,150 ரூபாய்க்கு வாங்கியது. பிராண்ட் பெயர் போடவில்லை, இதே அமைப்பில் நாலைந்து கம்பெனி செய்கிறது, குறையும் நிறையும் ஏறக்குறைய ஒன்றுதான். அப்பாவையோ அம்மாவையோ மலையிலிருந்து கோவைக்குக் கீமோவுக்குக் கூட்டிப் போகிறவர்களுக்காக எழுதுகிறேன். டூர் போகிறவர்கள் வேறு ரிவ்யூ பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்பாவுக்குப் பெருங்குடலில் கேன்சர். ஆபரேஷன் முடிந்து, 3 வாரத்துக்கு ஒரு தடவை என்று 8 சைக்கிள். முதல் நாள் ஆக்சாலிபிளாட்டின் டிரிப், அப்புறம் 14 நாள் காலையும் இரவும் சாப்பிட்டதும் கேபெசிடபின் மாத்திரை, 7 நாள் ஓய்வு. இந்த ஆக்சாலிபிளாட்டினுக்கும் குளிருக்கும் ஆகவே ஆகாது. குளிர்ந்ததைத் தொட்டால் விரல் நுனியில் கரண்ட் அடிக்கிற மாதிரி இருக்கும், குடித்தால் தொண்டை இறுகும். டிஸ்சார்ஜ் சீட்டில் ‘குளிர்ந்தவற்றைத் தவிர்க்கவும்’ என்று ஒரு வரி இருந்தது, ஐஸ்கிரீமைச் சொல்கிறார்கள் என்று நினைத்துவிட்டோம். கோயம்புத்தூரில் அது ஐஸ்கிரீம்தான். டிசம்பர் மாதக் குன்னூரில் குழாய்த் தண்ணீர், எவர்சில்வர் தம்ளர், கதவுத் தாழ்ப்பாள் எல்லாமே அந்தக் கணக்கில் வந்துவிடும். தாழ்ப்பாளுக்கு அப்பாவே பழைய காலுறையை மாட்டி வைத்தார்.

முதல் டிரிப் போட்டு வந்த அன்று ராத்திரி, சொம்புத் தண்ணீரை ஒரு மடக்குக் குடித்தவர் கழுத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். “கண்ணாடித் தூளை முழுங்கின மாதிரி இருக்கும்மா, மூச்சு அடைக்குது” என்கிறார். வார்டுக்குப் போன் போட்டேன். சிஸ்டர் அப்பாவைப் பேசச் சொல்லிக் கேட்டுவிட்டு, “பேச்சு நல்லா வருதுங்க. உதடு, முகம் வீங்கலையே? அப்போ மருந்தோட குணம்தான், வெதுவெதுப்பா தண்ணி கொடுங்க. வீக்கம் வந்தாலோ மூச்சு வாங்கினாலோ உடனே பக்கத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிடுங்க” என்றார். கால் மணி நேரத்தில் சரியானது. மறுநாள் கடை திறப்பதற்கு முன்னாலேயே நான் வாசலில் நின்றேன்.

டப்பாவில் ‘24 மணி நேரம் சூடு’ என்று போட்டிருப்பதை நம்ப வேண்டாம். குன்னூர் 1,850 மீட்டர் உயரம், இங்கே தண்ணீர் 94 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும், நாம் ஊற்றுவதே 6 டிகிரி குறைச்சல். ஆனாலும் விடிகாலை 4 மணிக்கு நிரப்பி, கொண்டை ஊசி வளைவெல்லாம் இறங்கி, பர்லியாறில் ஒரு வாந்திக்கு நிறுத்தி, ஆஸ்பத்திரி போய், ரத்த ரிசல்ட் வந்து, பெட் கிடைத்து டிரிப் ஏறும்போது பகல் 1 மணி ஆகிவிடும், அப்போதும் ஊதித்தான் குடிக்க வேண்டியிருந்தது. மறுநாள் காலை வெறும் வெதுவெதுப்பு. நமக்கு அது போதும். நிரப்புவதற்கு முன் கொஞ்சம் வெந்நீர் ஊற்றி 5 நிமிஷம் மூடி வைத்துக் கொட்டிவிடுங்கள், சூடு இன்னும் நிற்கும்.

கேண்டீனில் வெந்நீர் வாங்கிக்கொள்ளலாமே என்று எங்கள் அத்தை கேட்டார். வாங்கலாம். கேண்டீன் கீழ்த்தளம், வார்டு மூன்றாவது மாடி, ஒரு நோயாளிக்கு ஒரு பாஸ்தான், நாம் இறங்கின நேரம் பார்த்துத்தான் டிரிப் ஏற்றும் பம்ப் கத்தும். ஏசி வேறு நேரே டிரிப் ஏறும் கையில் அடிக்கும், பெட்டை மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள், தயங்காதீர்கள், இரண்டாம் தடவை கேட்டதும் மாற்றினார்கள்.

இனி மூடி. முழு ரிவ்யூவும் இதற்காகத்தான். என்னுடையது பட்டனை அழுத்தினால் ஊற்றும் வகை. அப்பாவுக்கு ஆக்சாலிபிளாட்டினால் விரல் மரத்துப்போய்ச் சட்டைப் பொத்தானே போட முடியாத நாட்களில், உள்ளங்கையின் அடிப்பாகத்தால் அழுத்தி அவரே ஊற்றிக் குடித்தார். திருகும் மூடியாக இருந்தால் ஒவ்வொரு வாய்த் தண்ணீருக்கும் என்னை எழுப்ப வேண்டும், அவர் எழுப்பவும் மாட்டார், தாகத்தோடு படுத்துக் கிடப்பார். அதே பட்டன் பைக்குள் அழுந்திக்கொண்டு நாலாவது சைக்கிளில் ஃபைல் முழுக்க நனைந்தது. ஸ்கேன் ஃபிலிமைத் துடைத்துவிட்டேன், காப்பீட்டு அட்டை ஜெராக்ஸ் கூழாகிவிட்டது. நிமிர்த்தி வையுங்கள், காகிதங்கள் தனிப் பையில் இருக்கட்டும்.

இன்னொன்று, அந்த வால்வுக்குள் கஞ்சி போனால் வராது. ஒரு தடவை ஊற்றிப் பார்த்தேன், மூன்று நாள் புளிப்பு வாடை. கீமோவால் வெள்ளை அணுக்கள் குறைந்து, கிருமி சுலபமாகத் தொற்றும் உடம்புக்கு அந்த விஷப்பரீட்சை வேண்டாம். பாலும் வேண்டாம், வெறும் வெந்நீர் மட்டும். ரப்பர் வாஷரை ஊக்கால் நெம்பி எடுத்துத் தினம் கழுவ வேண்டும்.

ஒரு ஸ்டார் குறைத்தது மேலே கவிழ்க்கும் ஸ்டீல் கப்புக்காக. கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் கப்பும் கொதிக்கும், மரத்த விரலுக்கு அது தெரியாது. அப்பா பேசிக்கொண்டே பிடித்திருந்தார், நான் பிடுங்கினபோது இரண்டு விரல் சிவந்திருந்தது. கேபெசிடபினால் தோல் உரிந்திருந்த விரல்கள். கைப்பிடி வைத்த பிளாஸ்டிக் கப்பில் முதலில் கொதிக்க வைத்து ஆறின தண்ணீர், மேலே வெந்நீர், நீங்கள் தொட்டுப் பார்த்த பிறகு கொடுங்கள்.

கடைசி டிரிப் முடிந்து 5 மாதம் ஆகிறது. பாதத்தில் மரப்பு இன்னும் இருக்கிறது, செருப்பு கழன்றாலும் தெரியாமல் நடக்கிறார். தாழ்ப்பாளில் இருந்த காலுறையைப் போன மாதம் அவரே கழற்றினார். கீழ் வீட்டு அக்கா அவர் அம்மாவுக்காக ஃப்ளாஸ்க்கைக் கேட்டார். வாஷர் தளர்ந்திருந்தது, தனியாகக் கடையில் விற்பதில்லை, குக்கர் ரிப்பேர் செய்பவர் ஒருவர் 30 ரூபாய்க்கு அளவெடுத்து வெட்டிப் போட்டுக் கொடுத்தார். சொட்டு ஒழுகவில்லை.